பதினைந்து நிமிடத் துறைமுகங்கள்

இன்றைய எபிசோட் ஒரு டைம்டேபிளின் வரலாறு. ராஜா இல்லை, புரட்சி இல்லை. நடுவில் ஒரு போர் மட்டும் வரும்.

நார்வே நாட்டின் கரையோரமாக, தெற்கே பெர்கன் நகரத்திலிருந்து ரஷ்ய எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற கிர்க்கெனெஸ் வரை ஒரு கப்பல் போய்த் திரும்புகிறது. வழியில் 34 துறைமுகங்கள். சேவையின் பெயர் ஹுர்ட்டிருட்டன். 'விரைவுத் தடம்'னு அர்த்தம். கோடையோ குளிரோ, தினமும் ராத்திரி பெர்கனிலிருந்து ஒரு கப்பல் கிளம்பும்.

இன்றைக்கு இது உலகப் புகழ்பெற்ற சுற்றுலா. வெள்ளிவிழா கொண்டாடும் தம்பதிகள், புதுசா கல்யாணம் ஆனவர்கள், ரிட்டயர் ஆனவர்கள் என்று ஜோடி ஜோடியாக ஏறுகிறார்கள். நானும் என் கணவரும் மார்ச் மாதம் பெர்கனில் ஏறி, ஆறு ராத்திரி பயணம் செய்து கிர்க்கெனெஸில் இறங்கினோம். விளம்பரத்தில் பார்த்ததெல்லாம் கிடைத்தது: பனி மலை, வடதுருவ ஒளி, ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டியதும் சட்டைக் காலருக்குள் ஐஸ் கட்டி போடும் சடங்கு. அதையெல்லாம் யூட்யூபில் நிறைய பேர் காட்டியிருக்கிறார்கள், நான் மறுபடி சொல்லப் போறதில்லை.

எனக்குள்ள உட்கார்ந்துவிட்டது வேற ஒண்ணு. இந்தக் கப்பல் ராத்திரி ஒரு மணிக்கு நிற்கிறது. மூணு மணிக்கு நிற்கிறது. பயணிகள் போர்த்திக்கொண்டு தூங்கும்போது, சில ஆயிரம் பேர் மட்டுமே வாழும் ஊர்களில் கால் மணி நேரம் நின்றுவிட்டுக் கிளம்புகிறது. சுற்றுலாவுக்காகத் திட்டம் போட்ட யாரும் இப்படி ஒரு அட்டவணையை எழுதவே மாட்டார்கள். அப்ப யார் எழுதினாங்க? யாருக்காக எழுதினாங்க?

இரண்டு வரைபடம், ஒரு நோட்டுப் புத்தகம்

1890 வாக்கில் வட நார்வேயின் நிலைமையை முதலில் புரிஞ்சுக்கணும். கரை முழுக்க மலையும் ஃபியூர்டும் தீவும். ரயில் கிடையாது. நாட்டின் ரயில் பாதை போடோ என்ற ஊருக்கு வந்ததே 1962இல்தான். அதற்கு வடக்கே இருக்கும் டிராம்சோவுக்கு இன்றைக்கும் ரயில் இல்லை. இருந்த ஒரே சாலை கடல். ஆனால் குளிர்காலத்தில் அங்கே வாரக்கணக்கில் சூரியன் எழும்பாது. இருட்டில் அந்தப் பாறைகளுக்கு நடுவே கப்பல் ஓட்ட யாரும் தயாராக இல்லை. ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து வடக்கே ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போக கோடையில் மூன்று வாரம், குளிர்காலத்தில் ஐந்து மாதம் வரை ஆகும் என்பது இந்தச் சேவையின் வரலாறு பேசுகிறவர்கள் எல்லாரும் சொல்லும் கணக்கு.

இதில் ஒரு கொடுமை என்னவென்றால், அந்தக் குளிர்காலம்தான் வியாபார காலம். ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை லோஃபோட்டன் தீவுகளுக்குக் காட் மீன் கூட்டம் கூட்டமாக வரும். நாட்டின் முக்கியமான ஏற்றுமதிச் சரக்கு அது. அதைப் பிடிக்கிற ஊர்களுக்கு வாங்குகிறவனோடு பேச வழி இல்லை. கடிதம் எழுதி, பதில் வருவதற்குள் சீசனே முடிந்துவிடும்.

1891இல் அரசாங்கத்தின் நீராவிக் கப்பல் ஆலோசகர் ஆகுஸ்ட் க்ரான், ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு ஆண்டு முழுவதும் ஓடும் விரைவுக் கப்பல் வேண்டும் என்றார். பெர்கன், ட்ரோண்ட்ஹெய்ம் ஊர்களின் பெரிய கம்பெனிகள் முடியாது என்று கையை விரித்தன. காரணம் நியாயமானதுதான். அந்த நீளக் கரைக்கு இருந்தது இரண்டே கடல் வரைபடம், 28 கலங்கரை விளக்கங்கள்.

சரி என்று சொன்னவர் ரிச்சர்ட் வித். ஸ்டோக்மார்க்னெஸ் என்ற சின்ன ஊரில் 1881இல் ஒரு குட்டிக் கப்பல் கம்பெனி ஆரம்பித்த கேப்டன். அவருக்கு எங்கிருந்து அந்த தைரியம்? இங்கதான் எனக்குள்ள இருக்கிற இன்ஜினியர் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வித்தும் அவருடைய பைலட் ஆண்டர்ஸ் ஹோல்தேவும் வருஷக்கணக்கில் ஒரு வேலை செய்துவந்தார்கள். ஒவ்வொரு பயணத்திலும் திசைகாட்டி எந்தத் திசை காட்டியது, கப்பல் என்ன வேகம், அந்தத் திசையில் எத்தனை நிமிஷம் போனோம் என்று குறித்துக்கொண்டே வந்தார்கள். நம்ம பாஷையில சொன்னா, லாக் ஃபைல். போதுமான அளவு லாக் சேர்ந்த பிறகு கண்ணே தேவையில்லை. இந்தத் திசையில், இந்த வேகத்தில், இத்தனை நிமிஷம், பிறகு திருப்பு. ஒரு திசைகாட்டி, ஒரு கடிகாரம், ஒரு நோட்டுப் புத்தகம் இருந்தால் இருட்டிலும் போகலாம். பெரிய கம்பெனிகளிடம் கப்பல் இருந்தது, பணம் இருந்தது. இந்த நோட்டுப் புத்தகம் இல்லை.

1893 மே மாதம் அரசு அவரோடு ஒப்பந்தம் போட்டது. ஆண்டுக்கு 70,000 குரோனர் மானியம், நான்கு ஆண்டுகளுக்கு. வாரம் ஒரு முறை ஓட வேண்டும்; கோடையில் ஹாமர்ஃபெஸ்ட் வரை, குளிர்காலத்தில் டிராம்சோ வரை. 1893 ஜூலை 2, ஞாயிற்றுக்கிழமை காலை எட்டரை மணிக்கு வெஸ்டெரோலன் என்ற நீராவிக் கப்பல் ட்ரோண்ட்ஹெய்மிலிருந்து கிளம்பியது. புதன்கிழமை அதிகாலை மூன்றரைக்கு ஹாமர்ஃபெஸ்ட். 67 மணி நேரம். வாரங்களும் மாதங்களும் ஆன கடிதம் மூன்று நாளில் போய்ச் சேர்ந்தது.

அந்த மானியத்தைக் கொஞ்சம் மனசில் வெச்சுக்கோங்க. லாபம் வராத இடத்திலும் கப்பல் நிற்பதற்காக அரசு கொடுத்த பணம் அது. இந்தக் கதையின் அச்சாணியே அதுதான்.

ஏன் பதினொன்று?

முடியாது என்றவர்கள் பின்னாடியே வந்து சேர்ந்துகொண்டார்கள். 1898இல் தொடக்க இடம் தெற்கே பெர்கனுக்கு நகர்ந்தது. வடகிழக்கே பாதை கிர்க்கெனெஸ் வரை நீண்டது. வாரம் ஒன்றாக இருந்தது படிப்படியாகக் கூடித் தினமும் ஒன்று ஆனது.

இன்றைக்கு இந்தப் பாதைக்கு 11 கப்பல்கள் தேவை. ஏன் சரியாக 11? பெர்கனில் ராத்திரி கிளம்பும் கப்பல், கிர்க்கெனெஸ் போய் பன்னிரண்டாம் நாள் மத்தியானம் பெர்கன் திரும்புகிறது. அன்றைக்கே ராத்திரி மறுபடி கிளம்புகிறது. ஒரு சுற்றுக்குப் பதினொரு நாள். தினமும் ஒரு கப்பல் வேண்டும் என்றால் பதினொரு கப்பல். உபரியே இல்லை. ஒன்று பழுதானால் வழியில் உள்ள ஊர்களுக்கு அந்தக் கப்பலின் முறை தவறிவிடும்.

மூன்றாம் நாள் ராத்திரி ரோர்விக் என்ற ஊரில் வடக்கே போகும் கப்பலும் தெற்கே போகும் கப்பலும் சந்தித்துக்கொள்ளும். எதிரெதிராக ஹாரன் அடித்துக்கொண்டன. மேல்தளத்தில் நின்ற நாங்கள் கையாட்ட, அந்தக் கப்பல்காரர்களும் கையாட்டினார்கள். "இது ரெண்டு பஸ் டிரைவர் கை காட்டிக்கற மாதிரியே இருக்குல்ல?" என்றார் கணவர். மாதிரி எல்லாம் இல்லைங்க. இது பஸ்ஸேதான்.

போர்க் காலத்திலும் நிற்கவில்லை

1940 ஏப்ரலில் ஜெர்மனி நார்வேயைப் பிடித்தது. கப்பல்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தன. வேறு வழி? ஊர்களுக்கு மாவும் தபாலும் போக வேண்டும். ஆனால் அதே கடலில் ஜெர்மன் படைக்கான சரக்கும் போய்க்கொண்டிருந்ததால், நேச நாடுகளுக்கு அந்தக் கரை முழுவதும் இலக்கு.

1941 செப்டம்பர் 13. ஒரே நாளில் இரண்டு கப்பல்கள் போயின. பாரோய் என்ற கப்பலை பிரிட்டிஷ் விமானம் டார்பிடோவால் அடித்தது. இன்னொன்றை பிரிட்டிஷ் நீர்மூழ்கி மூழ்கடித்தது. அந்த இரண்டாவது கப்பலின் பெயர் ரிச்சர்ட் வித். இரண்டிலும் சேர்த்து நூற்றுக்கும் மேற்பட்ட சாதாரண மக்கள் இறந்தார்கள், தங்களை விடுவிக்க வேண்டிய தரப்பின் கையால். 1944 பிப்ரவரியில் இர்மா என்ற கப்பலுக்கு நடந்தது இதைவிடக் கொடுமை. அதன் மீது டார்பிடோ எறிந்தவை பிரிட்டனிலிருந்து இயங்கிய நார்வே கடற்படையின் படகுகள். 61 பேர் இறந்தார்கள்.

1941க்குப் பிறகு பெரிய கப்பல்கள் டிராம்சோவோடு நின்றுகொண்டன. அதற்கு வடக்கே என்ன ஆச்சு தெரியுமா? சின்ன மீன்பிடிப் படகுகள் ஆளையும் தபாலையும் ஏற்றிக்கொண்டு மாற்றுச் சேவையாக ஓடின. பிறகு 1944 குளிர்காலத்தில் பின்வாங்கிய ஜெர்மன் படை ஃபின்மார்க் மாவட்டத்தையே கொளுத்திவிட்டுப் போனது. ஹாமர்ஃபெஸ்டில் மிஞ்சியது ஒரு கல்லறைத் தேவாலயம் மட்டும்.

போட்ஸ்ஃபியூர்ட், நடுராத்திரி

ஆறாம் நாள் ராத்திரி நான் தூங்கவில்லை. பன்னிரண்டரை மணி வாக்கில் போட்ஸ்ஃபியூர்ட் வரும் என்று அட்டவணை சொன்னது. "இந்தக் குளிர்ல உனக்கு அங்க என்ன இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே கணவரும் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

கப்பல் கரையோடு ஒட்டியது. பக்கவாட்டுக் கதவு திறந்தது. ஒரு ஃபோர்க்லிஃப்ட் உள்ளே வந்து சுற்றிக் கட்டிய சரக்குத் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போனது. முதுகுப் பையோடு ஒரு பெண் இறங்கினாள். கரையில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்த ஒரு கார் அவளை ஏற்றிக்கொண்டது. கதவு மூடியது. அவ்வளவுதான். கப்பலில் இருந்த சில நூறு சுற்றுலாப் பயணிகளில் மேல்தளத்தில் நின்றது நாங்கள் இரண்டு பேர்.

எனக்கு அங்க என்ன இருக்குன்னு இப்ப சொல்றேன். தமிழ் இருக்கு.

1956இல் யாழ்ப்பாணத்திலிருந்து அந்தோனி ராஜேந்திரம் என்பவர் நார்வேக்கு வந்தார். அந்த நாட்டில் குடியேறிய முதல் ஈழத் தமிழர் என்று அவரைச் சொல்வார்கள். அவருடைய முயற்சியால் 1960களில் காரைநகரில் சீநோர் என்ற மீன்பிடித் தொழில் திட்டம் உருவானது. மீனும் படகும்தான் இரண்டு கரைகளையும் சேர்த்தன. 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஆயிரக்கணக்கானவர்கள் அகதிகளாக நார்வே வந்தபோது, வடக்கே ஃபின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு ஆள் பற்றாக்குறை. உள்ளூர் இளைஞர்கள் தெற்கே போய்க்கொண்டிருந்தார்கள். போட்ஸ்ஃபியூர்ட், வார்டோ, ஹொன்னிங்ஸ்வோக், ஹாமர்ஃபெஸ்ட் என்று இந்த அட்டவணையில் இருக்கும் அதே ஊர்களில் தமிழர்கள் கத்தியோடு நின்று மீன் வெட்டினார்கள். பனைமரத்தையும் வெயிலையும் விட்டு வந்தவர்கள், இரண்டு மாதம் சூரியன் வராத ஊரில்.

ஆனே சிக்ஃபிரித் கிரோன்செத் என்ற நார்வே மானுடவியலாளர் அப்படி ஒரு மீனவ ஊரில் தமிழர்களோடு தங்கி ஆய்வு செய்தார். அவர் கவனித்த ஒரு விஷயம் என்னை விடவே இல்லை. உடம்பு முழுக்க வலிக்கிறது என்று தமிழர்கள் திரும்பத் திரும்ப மருத்துவ நிலையத்துக்குப் போனார்கள்; எங்கே வலி, என்ன நோய் என்று மருத்துவர்களால் சொல்ல முடியவில்லை. வேலை கிடைத்துவிட்டது, வீடு கிடைத்துவிட்டது, பேச ஆள் கிடைக்கவில்லை. அந்த வலிக்கு மாத்திரை இல்லை.

பிறகு பல குடும்பங்கள் ஆஸ்லோவுக்கு நகர்ந்தன. ஆனால் அவர்கள் அங்கே இருந்த வருஷங்களில் தினமும் அந்தத் துறைமுகத்தில் இந்தக் கப்பல் வந்து நின்றது. ஏறுகிறவர் ஒருவர்தான் என்றாலும் நின்றது. வெளி உலகத்தோடு உங்களுக்குத் தொடர்பு இருக்கிறது என்று ஓர் ஊருக்குத் தினமும் சொல்லும் வழி அது.

இப்ப யாருடைய கப்பல்?

விமானமும் சாலையும் வந்த பிறகு உள்ளூர்ப் பயணிகள் குறைந்தார்கள். சுற்றுலாதான் சேவையைத் தாங்கியது. அது புதுசும் இல்லை. 1896லேயே ரிச்சர்ட் வித்தின் கம்பெனி ஹாமர்ஃபெஸ்டிலிருந்து ஸ்வால்பார்டுக்குச் சுற்றுலாக் கப்பல் விட்டு, அங்கே ஒரு ஹோட்டலும் கட்டியது. 1990களில் வந்த கப்பல்கள் கிட்டத்தட்ட மிதக்கும் ஹோட்டல்கள். 2021இலிருந்து இரண்டு கம்பெனிகள் இந்தப் பாதையைப் பகிர்ந்துகொள்கின்றன. ஹுர்ட்டிருட்டனுக்கு ஏழு கப்பல், ஹாவிலாவுக்கு நான்கு. இன்றைக்கும் அரசு ஒப்பந்தம்தான், 2030 வரை. ஊர்கள் எவை, எந்த நேரம் என்பதெல்லாம் அதில் அடக்கம்.

ஒரு சுற்றுலாக் கம்பெனியின் பார்வையில் போட்ஸ்ஃபியூர்ட் வெறும் செலவு. துறைமுகக் கட்டணம், எரிபொருள், கால் மணி நேரம். படம் எடுக்கக்கூட இருட்டு. ஒப்பந்தத்தில் அந்த வரி இல்லாவிட்டால் முதலில் வெட்டப்படுவது அந்த மாதிரி ஊர்கள்தான். ஆனால் அந்த வரியை எடுத்துவிட்டால் இது உலகத்தில் இருக்கும் ஆயிரம் க்ரூஸ்களில் இன்னொன்று.

2011இல் நார்வேயின் அரசுத் தொலைக்காட்சி பெர்கனிலிருந்து கிர்க்கெனெஸ் வரை ஒரு பயணத்தை 134 மணி நேரம் வெட்டாமல் நேரலையாகக் காட்டியது. நாடே உட்கார்ந்து பார்த்தது. ஒவ்வொரு சின்னத் துறைமுகத்திலும் மக்கள் கொடியோடு கூடினார்கள். டிவியில் வருவதற்காகவும்தான், இல்லைன்னு சொல்லலை. ஆனால் அவர்கள் கையாட்டியது தங்கள் ஊரில் நிற்கும் கப்பலுக்கு.

இந்த எபிசோட் இத்தோடு முடிகிறது. ஒரு வேண்டுகோள். உங்க குடும்பத்தில் யாராவது 80களிலோ 90களிலோ வார்டோ, போட்ஸ்ஃபியூர்ட் பக்கம் மீன் ஆலையில் வேலை பார்த்திருந்தால், அவர்களிடம் பேசி ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. சித்தப்பாவோ பெரியம்மாவோ, யாராக இருந்தாலும் சரி. கப்பலின் கதையை நிறைய பேர் எழுதிவிட்டார்கள். கரையில் நின்றவர்களின் கதை இன்னும் பாக்கி இருக்கு.