ஒரு சிறுமி, இருவகைப் படங்கள்



சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திங்கட்கிழமை காலை, என் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் பாதி நாற்காலிகள் காலியாக இருந்தன. முந்தைய இரவு பெற்றோர்களின் புலனக் குழுவில் ஒரு வெள்ளை வேனின் படம் வலம் வந்திருந்தது. "பிள்ளை பிடிப்பவர்கள் நம் பகுதிக்கு வந்துவிட்டார்கள்" என்று அதன்கீழ் யாரோ எழுதியிருந்தார். அது பழுதாகி நின்ற ஒரு ரொட்டி வியாபாரியின் வண்டி என்பது மறுநாள்தான் தெரிந்தது. அதன் பிறகும் பலநாள் அவரிடம் ரொட்டி வாங்கப் பலர் தயங்கினர். படம் உண்மை, அதன்கீழ் இருந்த வரி பொய்.

அன்று என் நினைவுக்கு வந்தது 1950-ஆம் ஆண்டுச் சிங்கப்பூர்.

மரியா ஹெர்தோக் 1937-இல் ஜாவாவில் ஒரு டச்சுக் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர். ஜப்பானியர் படையெடுப்பில் தந்தை போர்க்கைதியானார். அக்காலத்தில் அமினா என்ற மலாய் மாதிடம் வந்து சேர்ந்த குழந்தை, நத்ரா என்ற பெயரில் முஸ்லிமாக வளர்ந்தது. சிலநாள் தங்கவே அனுப்பியதாகப் பெற்ற தாய் கூறினார்; தத்துக் கொடுக்கப்பட்டதாக அமினா கூறினார். போருக்குப் பின் அமினா அவரைத் திரெங்கானுவிலுள்ள கெமாமானுக்கு அழைத்து வந்தார். பெற்றோர் மகளைக் கண்டறிந்தபின் வழக்கு சிங்கப்பூர் நீதிமன்றத்தை எட்டியது. 1950 ஆகஸ்டு மாதம், 13 வயதில், நத்ராவுக்குத் திருமணமும் நடந்தது. டிசம்பர் 2 அன்று, திருமணம் செல்லாது, சிறுமி பெற்றோரிடம் சேரவேண்டும் என்று தீர்ப்பு வந்தது. மேல்முறையீடு முடியும்வரை அவர் ஒரு கன்னிமாடத்தில் தங்கவைக்கப்பட்டார்.

அங்கேதான் புகைப்படக்காரர்கள் நுழைந்தனர். 'சிங்கப்பூர் ஸ்டாண்டர்ட்', 'ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ்' ஆகிய ஆங்கில நாளிதழ்களில், கன்னிகாஸ்திரியின் கைபிடித்து நிற்கும் சிறுமியும், மாதா சிலையின்முன் மண்டியிட்ட சிறுமியும் காட்சியளித்தனர். அவர் மகிழ்ச்சியாக இருக்கிறார் என்பதே அப்படங்கள் சொன்ன செய்தி. மலாய் நாளிதழான 'உத்துசான் மெலாயு'விலோ, அதே சிறுமி கண்ணீர் சிந்தி நின்றார். ஒரே வாரம், ஒரே கன்னிமாடம், ஒரே சிறுமி. ஒரு நாளிதழை மட்டும் வாசித்தவருக்கு மற்ற வாசகரின் கோபமோ நிம்மதியோ விளங்க வழியில்லை.

டிசம்பர் 11 அன்று மேல்முறையீடு சில நிமிடங்களில் தள்ளுபடியானது. நீதிமன்றத்தின் வெளியே கூடியிருந்த கூட்டம் கலவரத்தில் இறங்கியது. 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். ஐரோப்பியரும் யுரேசியரும் முகத்தின் நிறத்திற்காகவே தாக்கப்பட்டனர். மறுநாள் மரியா நெதர்லாந்துக்கு விமானம் ஏற்றப்பட்டார். 2009-இல் அந்நாட்டிலேயே அவர் காலமானார்.

படங்கள் மட்டுமே கலவரத்தை உண்டாக்கின என்று நான் கூறமாட்டேன். வளர்த்த தாயின் துயரம் உண்மையானது. காலனித்துவ நீதியின்மீது மக்களுக்கு இருந்த ஐயமும் உண்மையானது. தேங்கியிருந்த அந்த மனக்குறையின்மீதுதான் படங்கள் விழுந்தன. காய்ந்த புல்லில் விழும் பொறி எரிவது இயல்பன்றோ!

இவ்வரலாற்றை மாணவர்களுக்குச் சொன்னபின் ஒரு சிறு பயிற்சி தந்தேன். விளையாட்டுப் போட்டி நாளில் ஒரு மாணவன் அழுதுகொண்டிருக்கும் படம் அது. ஒரு குழு "தோல்வியால் கண்ணீர்" என்று தலைப்பிட்டது; மற்றொரு குழு "ஆசிரியர் அடித்தார்" என்றது. பிறகு முழுப்படத்தையும் காட்டினேன். அவன் கையில் வெற்றிக் கோப்பை இருந்தது! வகுப்பே சிரித்தது. ஒரு மாணவி மட்டும் சிரிக்கவில்லை. "அப்படியென்றால் எந்தப் படத்தையும் நம்பக்கூடாதா, டீச்சர்?" என்று கேட்டாள்.

ஊடகக் கல்வியில் நாம் மிகக் கவனமாக விடையளிக்க வேண்டிய வினா இதுவே. எதையும் நம்பாதே என்று கற்பித்தால், அச்சத்திற்குப் பதில் அவநம்பிக்கையைத்தான் கொடுத்தவர்களாவோம். "கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய்" என்பதோடு நம் முன்னோர் நிறுத்தவில்லை. "தீர விசாரிப்பதே மெய்" என்று முடித்தனர். ஆகவே அவளுக்கு நான்கு கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இதை எடுத்தவர் யார்? யாருக்காக வெளியிட்டார்? சட்டத்திற்கு வெளியே விடுபட்டது என்ன? இதையே வேறொருவர் எப்படிச் சொல்கிறார்?

பெற்றோர்களே, இக்கேள்விகள் வகுப்பறையோடு நின்றுவிட்டால் பயனில்லை. அடுத்தமுறை ஓர் அச்சமூட்டும் படம் உங்கள் கைப்பேசிக்கு வரும்போது, அதைப் பிறருக்கு அனுப்பும் முன் பிள்ளையை அருகில் அழைத்து இந்நான்கையும் சேர்ந்து கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் பள்ளியைத் தொடர்புகொண்டு விசாரியுங்கள். அன்று யாரேனும் ஒருவர் வேனின் அருகே சென்று, "என்ன அண்ணே, வண்டி பழுதா?" என்று கேட்டிருந்தால் போதும். என் வகுப்பு நிறைந்திருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியை