கிரிவல நேரமும் கிளிக் கணக்கும்

திருவண்ணாமலையில் பௌர்ணமி எத்தனை மணிக்குத் தொடங்கி எத்தனை மணிக்கு முடிகிறது என்பதைத் தமிழ்ச் செய்தித் தளங்கள் மாதந்தோறும் வெளியிடுகின்றன. மலையைச் சுற்றி 14 கிலோமீட்டர் நடக்கப் புறப்படுகிறவர், கைபேசியில் அந்த இரண்டு வரியைப் பார்த்ததும் பஸ் பிடிக்கப் போய்விடுவார். பக்கத்தில் மின்னும் விளம்பரத்தைத் தட்ட அவருக்கு நேரமில்லை. கூட்டம் எவ்வளவு வந்தாலும், அந்தப் பக்கத்தால் தளத்துக்கு என்ன கிடைக்கும் என்பது விளம்பரத்துக்கு எந்தக் கணக்கில் காசு தருகிறார்கள் என்பதைப் பொறுத்தது. இந்தக் கணக்குகளின் வரலாறு, விளம்பரம் பலிக்காமல் போகும் நஷ்டம் விளம்பரதாரர் தலையிலிருந்து பதிப்பாளர் தலைக்கு இறங்கிய வரலாறுதான்.

அச்சுப் பத்திரிகையில் விலை இடத்துக்கு. வாசகர் கடைக்குப் போனாரா என்று பத்திரிகைக்காரரை யாரும் கேட்டதில்லை. 1994 அக்டோபரில் ஹாட்வயர்டு தளம் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் பேனரை வெளியிட்டபோதும் பேச்சு மொத்தத் தொகையில்தான் முடிந்தது. 1996-ல் நிலைமை மாறியது. கிளிக்குக்கு மட்டுமே காசு என்று யாகூவிடம் ஒப்பந்தம் போட்டது புராக்டர் அண்ட் கேம்பிள். அமேசானோ பொருள் விற்றால்தான் பங்கு என்றது. 2003-ல் வந்த கூகுளின் விளம்பரச் சேவையான ஆட்சென்ஸ், கிளிக் கணக்கைச் சிறு தளங்களுக்கும் கொண்டுவந்தது. ஆனால் அதன் மொழிப் பட்டியலில் இந்தி 2014-லும் தமிழ் 2018 பிப்ரவரியிலும்தான் இடம்பெற்றன. தமிழ்த் தளங்கள் உள்ளே நுழைந்தபோது பேரம் பேசும் காலமே முடிந்திருந்தது.

2024 தொடக்கத்தில் ஆட்சென்ஸ் கிளிக்கை விட்டு, விளம்பரம் காட்டப்பட்டாலே காசு தரும் பார்வைக் கணக்குக்கு மாறியதே, இனி என்ன குறை என்று கேட்கலாம். மாற்றத்தால் வருமானம் பெரிதாக மாறாது என்று கூகுளே சொன்னது. அதில் வியப்பில்லை: விளம்பர இடத்தை ஏலம் கேட்கிறவர், இந்த வாசகர் தட்டுவாரா வாங்குவாரா என்று கணித்துத்தான் விலை வைக்கிறார். தட்டாத வாசகரின் பக்கம் இப்போதும் மலிவாகவே போகும். விளம்பரம் பிடிக்க ஆள் வைக்க முடியாத தளத்துக்கு ஆட்சென்ஸ் சோறு போடுகிறது என்பதும் உண்மை. அதை விட்டுவிடச் சொல்லவில்லை. ஆனால் தீபத் திருவிழாவின் கொடியேற்றம் எந்த நாள் என்று பஞ்சாங்கம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. நொடிக்கு நொடி நடக்கும் ஏலத்துக்கு விட்டு, இவ்வளவு நிச்சயமான கூட்டத்தை ஏன் விற்க வேண்டும்? விழா நடக்கும் பத்து நாளுக்கு ஊர் லாட்ஜுகளிடமும் ஓட்டல்களிடமும் ஒரே தொகை பேசி முன்பணம் வாங்குவதே தளத்துக்கு லாபம். சொல்லும் பார்வை எண்ணிக்கையை லாட்ஜ்காரர் எப்படி நம்புவார் என்ற சந்தேகம் நியாயமானது. பத்திரிகை விற்பனை எண்ணிக்கை மீதும் அதே சந்தேகம் இருந்தது. 1948-ல் ஏபிசி தணிக்கை அமைப்பை உருவாக்கி, வெளியார் கணக்குப் பார்க்கப் பதிப்பாளர்கள் சம்மதித்தார்கள். சிறு தமிழ்த் தளங்கள் நாலைந்து சேர்ந்தாலும் ஒரு தணிக்கையாளரை அமர்த்திக்கொள்ளலாம்.