சூழ்நிலையியல் (தொடக்கப் பள்ளிப் பாடம்)

சூழ்நிலையியல் என்பது தமிழ்நாட்டுத் தொடக்கப் பள்ளிகளில் இயற்கையையும் சமூக வாழ்வையும் சேர்த்துக் கற்பிக்கும் பாடம். ஒன்றாம், இரண்டாம் வகுப்புகளில் இந்தப் பெயரிலேயே நடக்கிறது. மூன்றாம் வகுப்பிலிருந்து அறிவியல், சமூக அறிவியல் என இரண்டாகப் பிரிகிறது. செடி கொடி, விலங்கு, நீர், காற்று, உடல்நலம் ஆகியவை ஒருபுறம். குடும்பம், ஊர், ஊராட்சி, சாலை விதி, தேசியச் சின்னங்கள் ஆகியவை மறுபுறம். திருநாள்களும் விடுமுறை நாள்களும் இந்த இரு புறத்தையும் இணைக்கின்றன. பாடத்தின் பெயர் 20 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்ததே ஆயினும், பிள்ளைகளுக்குச் சுற்றுப்புறத்தைச் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் திண்ணைப் பள்ளிக் காலத்திலேயே உண்டு. ஊரைப் பார்த்துக் கற்ற காலங்களில் இப்பாடம் தழைத்தது; புத்தகத்தை மட்டும் பார்த்துக் கற்ற காலங்களில் வாடியது.

திண்ணைப் பள்ளிக் காலம்

ஊர்ப் பொதுத் திண்ணையிலோ வாத்தியார் வீட்டுத் திண்ணையிலோ நடந்த பள்ளிகளில் எழுத்தும் கணக்கும் நீதிநூல்களுமே பாடம். பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் பழகினர். பிறகு ஓலைக்கு வந்தனர். அரிச்சுவடி, எண்சுவடி, ஆத்திசூடி, கொன்றைவேந்தன் ஆகியவற்றை முறை வைத்து ஒப்பித்தனர். மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை இளையவர்களைக் கவனித்துக்கொண்டான்.

அறிவியல் என்றோ குடிமையியல் என்றோ அங்கே தனிப் பாடம் இல்லை. ஆயினும் இயற்கை அறிவு வேறு வழியில் வந்து சேர்ந்தது. உ. வே. சாமிநாதையர் (1855–1942) தம் வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் அதைப் பதிவு செய்திருக்கிறார். மாலையில் பள்ளி விடும்போது வாத்தியார் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பூவின் பெயரோ விலங்கின் பெயரோ பறவையின் பெயரோ சொல்லி அனுப்புவார். பிள்ளை அதை வீட்டில் சொல்லிவிட்டு, மறக்காமல் வைத்திருந்து மறுநாள் காலை திருப்பிச் சொல்ல வேண்டும். நினைவாற்றலுக்கான பயிற்சி அது. ஊரில் பூத்ததும் பறந்ததும் அதன் வழியே பிள்ளையின் சொல்வளத்தில் சேர்ந்தன. அன்று பள்ளியில் என்ன சொல்லிக்கொடுத்தார்கள் என்பதும் பெற்றோருக்குத் தெரிந்தது.

விடுமுறை பஞ்சாங்கத்தை ஒட்டி அமைந்தது. அமாவாசையும் பௌர்ணமியும் ‘வாவு’ நாள்கள். அன்று பள்ளி இல்லை. அடுத்த லீவு எப்போது என்று அறிய விரும்பிய பிள்ளை நிலவைப் பார்த்தாலே போதும். நவராத்திரியில் வாத்தியார் மாணவர்களை வீடு வீடாக அழைத்துச் சென்று பாடவைத்துக் காணிக்கை பெறுவார். அவருடைய வருமானத்தில் அதற்கு ஒரு பங்கு உண்டு.

சென்னை மாகாண ஆளுநர் தாமஸ் மன்றோ 1822 இல் நாட்டுப் பள்ளிகளைக் கணக்கெடுக்க உத்தரவிட்டார். 1826 இல் தொகுத்து அளித்த குறிப்பின்படி மாகாணத்தில் பள்ளிகளும் கல்லூரிகளுமாக 12,498 இருந்தன; 1,88,650 பேர் படித்தனர். மாகாண மக்கள்தொகை அப்போது ஏறத்தாழ 1 கோடியே 28 லட்சம். எண்ணிக்கை பெரிதாகத் தோன்றினாலும் பெண் குழந்தைகள் பெரும்பாலும் அந்தத் திண்ணைகளில் ஏறவில்லை. ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளை ஏற விடவும் இல்லை. எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான குடிமைக் கல்வி பிறக்க நெடுங்காலம் ஆயிற்று.

மணல் எழுத்தும் மூத்தவன் இளையவனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முறையும் கடல் கடந்தும் சென்றன. 1789 இல் எழும்பூர் ஆண்கள் அனாதை விடுதிப் பள்ளியின் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் பள்ளியில் புகுத்தினார். மாணவர்களையே ஆசிரியர்களாக்கினார். 1797 இல் அவர் லண்டனில் வெளியிட்ட நூலால் அது ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் பெற்று இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

பரீட்சையும் மானியமும்

1854 இல் வந்த சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கைக்குப் பின் கல்வித் துறையும் பள்ளிகளுக்கு அரசு மானியமும் வந்தன. பரீட்சை முடிவைப் பார்த்து மானியம் தரும் முறை 19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னை மாகாணத்தில் நடைமுறையில் இருந்தது. ஆய்வாளர் வந்து கேள்வி கேட்பார். பிள்ளைகள் சொல்லும் விடைக்கேற்பப் பள்ளிக்குப் பணம் வரும். ஆய்வாளர் எதைக் கேட்பாரோ அதையே ஆசிரியர் உருப்போட வைத்தார். பூகோளம் ஊர்ப் பெயர்களின் பட்டியலாகவும் சரித்திரம் ஆண்டுகளின் பட்டியலாகவும் சுருங்கின.

குடிமைப் பாடமும் அந்தக் காலத்தின் குரலிலேயே பேசியது. வில்லியம் லீ வார்னர் 1897 இல் எழுதிய ‘இந்தியக் குடிமகன்’ என்ற ஆங்கிலப் பள்ளிநூல், ரயிலையும் தபாலையும் நீதிமன்றத்தையும் ஆங்கில ஆட்சியின் நன்மைகளாக எடுத்துரைத்தது. ஆட்சியைப் புரிந்துகொண்டு அதற்கு அடங்கி நடப்பவனே அந்நூல் காட்டும் நல்ல குடிமகன். ஆட்சியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை அந்தப் பாடத்தில் இல்லை. 1920 இல் சென்னை தொடக்கக் கல்விச் சட்டம் வந்து, பள்ளிகள் பெருக வழி செய்தது.

ஆதாரக் கல்வி

மனப்பாடத்துக்கு வலுவான மாற்று 1937 இல் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில் வார்தாவில் கூடிய கல்வி மாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழிலை நடுவில் வைத்த கல்வியை முன்மொழிந்தார். ஜாகிர் உசேன் தலைமையிலான குழு அதற்குப் பாடத்திட்டம் வகுத்தது. தமிழ்நாட்டில் 1947 இல் டி. எஸ். சௌந்தரமும் ஜி. ராமச்சந்திரனும் தொடங்கிய காந்திகிராமம் இக்கல்விக்கு முக்கிய இடமாயிற்று.

இம்முறையில் நூல் நூற்பதிலிருந்தே எல்லாப் பாடமும் கிளைக்கும். பருத்தி எந்த மண்ணில் விளையும், அதற்கு எவ்வளவு மழை வேண்டும் என்று கேட்டால் அது அறிவியல். நூற்ற நூலை எடைபோட்டால் கணக்கு. அதை வாங்குவது யார், விலை வைப்பது யார் என்று கேட்டால் சமூகப் பாடம். துப்புரவுப் பணியையும் சமையல் பணியையும் பிள்ளைகள் தமக்குள் பிரித்துக்கொண்டு, பொறுப்பாளர்களைத் தாமே தேர்ந்தெடுத்தனர். வாக்களிக்கும் வயது வருமுன் வாக்களிக்கும் பழக்கம் வந்தது. அரசுப் பள்ளிகளில் இம்முறை நெடுநாள் நிலைக்கவில்லை. கைத்தொழில் கற்றால் பிள்ளை உயர்கல்விக்குப் போகாது என்று பெற்றோர் பலர் அஞ்சினர். வேலை பள்ளி இறுதித் தேர்வை நம்பியிருந்த காலத்தில் அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது.

தனிப் பாடமாதல்

1950 ஜனவரி 26 இல் இந்தியா குடியரசானதும் குடிமைப் பாடத்தின் அடித்தளமே மாறியது. பள்ளிப் பிள்ளை எதிர்கால வாக்காளர் ஆனது. தீண்டாமை பாவமும் குற்றமும் மனிதத்தன்மை அற்றதும் ஆகும் என்ற அறிவிப்பு தமிழ்நாட்டுப் பாடநூல்களில் அச்சாயிற்று. ஒரு காலத்தில் திண்ணையில் ஏற விடப்படாத பிள்ளைகளின் பேரக்குழந்தைகள் அதை எழுத்துக்கூட்டிப் படித்தனர். தமிழகக் குடிமைக் கல்வியில் இதைவிட முக்கியமான வாசகம் வேறில்லை.

பாடநூல் நிறுவனம் 1970 இல் அமைந்தது. தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு 1975 இல் வெளியிட்ட பத்தாண்டுப் பள்ளிக்கான பாடத்திட்டம், தொடக்க வகுப்புகளில் அறிவியலையும் சமூக அறிவியலையும் சுற்றுச்சூழல் கல்வி என்ற குடையின்கீழ் கொண்டுவந்தது. முதல் இரண்டு வகுப்புகளில் ஒரே பாடம். அதன்பின் இயற்கை, சமூகம் என இரு பகுதிகள். இன்றைய அமைப்பின் வேர் இதுவே.

வகுப்பறைக்கு வெளியிலிருந்தும் துணை வந்தது. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, பத்துத் தொகுதிகளில் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தை 1968 முதல் 1976 வரை வெளியிட்டது. 1980 இல் தோன்றிய தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் ‘துளிர்’ என்னும் சிறுவர் அறிவியல் மாத இதழை நடத்துகிறது. எளிய பொருள்களைக் கொண்டு சோதனை செய்யும் பழக்கத்தை இந்த இதழ் பள்ளிகளுக்குக் கொண்டு சென்றது.

செலவில்லாத சோதனைகளில் தலைமுறை தலைமுறையாக நிலைத்திருப்பது மூன்று அவரை விதைச் சோதனை. ஒரு குச்சியில் மேல், நடு, கீழ் என மூன்று விதைகளைக் கட்டிக் கண்ணாடிக் குவளையில் நிறுத்துவார்கள். கீழ் விதை முழுதும் மூழ்கவும் நடு விதை பாதி நனையவும் மேல் விதை நீரைத் தொடாமல் இருக்கவும் தண்ணீர் ஊற்றுவார்கள். சில நாளில் நடு விதை நன்றாக முளைவிடும். மேல் விதைக்குக் காற்று உண்டு, நீர் இல்லை. கீழ் விதைக்கு நீர் உண்டு, போதிய காற்று இல்லை. இரண்டும் கிடைத்தது நடு விதைக்கு மட்டுமே. நீரும் காற்றும் வேண்டும் என்று ஆசிரியர் சொல்ல வேண்டியதில்லை; குவளையைச் சுற்றி நிற்கும் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள்.

செயல்வழிக் கற்றல் முதல் இன்று வரை

2003 இல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம். பி. விஜயகுமார், ஆந்திரத்தின் ரிஷிவேலிப் பள்ளியின் கிராமக் கல்வி மையம் உருவாக்கிய முறையைத் தழுவி, மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கினார். 2007 இல் அது மாநிலம் முழுதும் பரவியது. பிள்ளைகள் பாயில் குழுவாக அமர்ந்து, ஏணிப்படி அட்டவணை காட்டும் அட்டையைத் தாமே எடுத்து, தம் வேகத்தில் கற்றனர். கரும்பலகை அவர்கள் கைக்கு எட்டும் உயரத்துக்கு இறங்கியது. காலையில் வந்ததும் வருகையைத் தாமே பதிந்தனர். வெயிலா, மேகமா, மழையா என்று வானத்தைப் பார்த்துக் காலநிலை அட்டவணையில் குறித்தனர். நகம் வெட்டியாயிற்றா, பல் துலக்கியாயிற்றா என்று ஆரோக்கியச் சக்கரத்தில் காட்டினர். வரைந்த படங்கள் தலைக்குமேல் கம்பிப் பந்தலில் தொங்கின. ஆண்டுகள் செல்லச் செல்ல அட்டைகளை வரிசையாக முடிப்பதே வேலையாகி, ஊரைப் பார்க்கும் நோக்கம் சில இடங்களில் மங்கியதும் உண்மை.

சமச்சீர்க் கல்வி 2010 இல் ஒன்றாம், ஆறாம் வகுப்புகளில் தொடங்கி மறு ஆண்டு மற்ற வகுப்புகளுக்கும் வந்தது. 2012 இல் முப்பருவ முறை வந்து புத்தகப் பையின் சுமையைக் குறைத்தது. 2018, 2019 ஆம் ஆண்டுகளில் வந்த புதிய பாடநூல்களில் நான்காம் வகுப்புப் பிள்ளை ஐவகை நிலங்களையும் நகராட்சி, மாநகராட்சியையும் ஒரே நூலில் படிக்கிறது. கொரோனாக் காலக் கற்றல் இழப்பை ஈடுகட்ட 2022 இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலைப்படுத்தி, மொழிக்கும் கணக்குக்கும் முதலிடம் தந்தது. அது அவசரத் தேவை. எனினும் வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்கு வாசிக்க உலகம் வேண்டும். அதைத் தருவது சூழ்நிலையியல்.

விடுமுறையும் விழாவும்

பள்ளி நாட்காட்டி நிலவிலிருந்து அரசாணைக்கு மாறியது. காலாண்டு, அரையாண்டு, முழுப்பரீட்சை லீவு என்ற மூன்றும் ஆண்டைப் பிரிக்கின்றன. தேர்த் திருவிழாவுக்கு மாவட்ட ஆட்சியர் உள்ளூர் விடுமுறை அறிவிப்பார். அதற்கு ஈடாக ஒரு சனிக்கிழமை பள்ளி நடக்கும். வடகிழக்குப் பருவமழை வலுத்தால் மழை லீவு விடுவதும் அவரே. ஆட்சியர் யார், அவருக்கு என்ன அதிகாரம் என்று ஒரு பிள்ளை முதன்முதலில் தெரிந்துகொள்வது பெரும்பாலும் இந்த அறிவிப்பிலிருந்துதான்.

பள்ளியில் கொண்டாடும் நாள்களும் உண்டு. காமராசர் பிறந்த ஜூலை 15 கல்வி வளர்ச்சி நாள். செப்டம்பர் 5 ஆசிரியர் நாள். நவம்பர் 14 குழந்தைகள் நாள். இராமன் விளைவு கண்டறியப்பட்ட 1928 பிப்ரவரி 28 ஐ நினைவுகூர்ந்து 1987 முதல் தேசிய அறிவியல் நாள் நடக்கிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நான்கு விடுமுறை நாள்களுக்கு இன்னொரு சிறப்பு உண்டு. அந்த நாள்களில் ஊராட்சிகளில் கிராம சபை கூடுகிறது. கொடியேற்றி மிட்டாய் கொடுத்ததும் பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். அதே நாளில் அதே ஊரில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படுகிறது. தெருவிளக்கும் குடிநீரும் விவாதத்துக்கு வருகின்றன. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அரைமணி நேரம் அங்கே உட்கார வைத்தால் உள்ளாட்சிப் பாடத்தைத் தனியே விளக்கத் தேவையிராது.

திருநாள்களிலும் இதே வாய்ப்பு இருக்கிறது. தீபாவளிக்கு முன் தீயணைப்புத் துறையினர் பள்ளிக்கு வந்து பருத்தி உடை, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் என்று சொல்லிக்கொடுக்கின்றனர். உச்ச நீதிமன்றத்தின் 2018 ஆம் ஆண்டுத் தீர்ப்பை ஒட்டித் தமிழ்நாட்டில் காலை ஒரு மணி நேரமும் மாலை ஒரு மணி நேரமும் மட்டுமே பட்டாசு வெடிக்க அனுமதி. தீ எப்படிப் பற்றுகிறது என்பது அறிவியல். நேரக் கட்டுப்பாடு ஏன் என்பது குடிமை. சிவகங்கை மாவட்டத்தின் கொள்ளுக்குடிப்பட்டியில் இரண்டும் ஊர் வழக்கமாகவே இருக்கின்றன. வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயம் அங்கே இருப்பதால், தீபாவளியை ஒட்டிய வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கூடு கட்ட வரும் நீர்ப்பறவைகள் அஞ்சி ஓடிவிடக் கூடாது என்று ஊரார் பல பத்தாண்டுகளாகப் பட்டாசு வெடிப்பதில்லை. சட்டம் வருமுன் ஊரே கூடி எடுத்த முடிவு அது. அங்கே வளரும் பிள்ளைக்குச் சூழலியலும் மக்களாட்சியும் திருநாளும் ஒன்றாகவே வந்து சேர்கின்றன.

மதிப்பீடு

கல்வி உரிமைச் சட்டம் (2009) ஒன்று முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்கு 200 வேலை நாள்களைக் கேட்கிறது. அந்த நாள்களில் பெரும்பகுதி நான்கு சுவர்களுக்குள் கழிகிறது. பதிவேடுகளும் இணையப் பதிவுகளும் ஆசிரியரின் நேரத்தைப் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் இப்பாடத்துக்கு வேண்டிய கருவிகளுக்குப் பஞ்சமே இல்லை. குளம், ரேஷன் கடை, அஞ்சலகம், சந்தை, துணை சுகாதார நிலையம், வரப்போரச் செடி என்று எல்லா ஊரிலும் அவை இருக்கின்றன. வாரத்தில் ஒரு பாடவேளையாவது பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்ல ஆசிரியருக்கு நேரமும் உரிமையும் கிடைப்பதே இன்று இப்பாடத்துக்கு வேண்டிய முதல் சீர்திருத்தம்.