இழுத்தால் வரும் அளவு

திருப்பூரில் என் அறையில் ஒரு பித்தளை இஸ்திரிப் பெட்டி இருக்கிறது. கனத்த அடித்தகடு, பக்கங்களில் காற்றுத் துளைகள், கீல் வைத்த மூடி, கைபட்டுக் கறுத்த மரப்பிடி. கொட்டாங்கச்சிக் கரியைப் போட்டுக் கனிய வைத்த காலம் அதற்கு முடிந்துவிட்டது. வருகிற நண்பர்கள் தூக்கிப் பார்த்து, "என்ன கனம்!" என்கிறார்கள். ஒருவர் அதைக் கலைப்பொருள் என்றே சொன்னார். கலைப்பொருளாகிவிட்ட கருவியிடம், அது என்ன வேலை செய்தது என்று யாரும் கேட்பதில்லை. இந்தக் கட்டுரைக்கு அதுதான் காரணம்.

இந்த வேலைக்கு நம்மிடம் மூன்று சொற்கள் புழங்குகின்றன. பெட்டி போடுதல் என்பது கருவியைச் சொல்கிறது. தேய்த்தல், கையின் அசைவை. இஸ்திரி என்ற சொல் வெளியிலிருந்து வந்தது. நீட்டு, இழு என்று பொருள்படும் 'எஸ்திரார்' என்ற போர்த்துகீசியச் சொல்லோடு அதை உறவுபடுத்துவார்கள். சூடும் இல்லை, அழுத்தமும் இல்லை. இழுப்புதான் அதன் வேரில் இருக்கிறது. வெகுநாள் நான் இதைப் பொருட்படுத்தியதில்லை.

பெட்டிக்கு முன்பும் துணி விறைப்பாக நின்றிருக்கிறது, மினுங்கியிருக்கிறது. குறுந்தொகையின் 330-ஆம் பாட்டில், துணி வெளுக்கும் பெண் கஞ்சிப் பசையில் தோய்த்து அடித்து நீரில் போட்ட துணியின் பிரியாத முறுக்கு, பகன்றைப் பூவுக்கு உவமையாக வருகிறது. சோழமண்டலக் கரையில் எழுதிய சீட்டித் துணிகளுக்குக் கஞ்சியிட்டு, கட்டையால் அடித்து, சிப்பியால் தேய்த்து மெருகு ஏற்றினார்கள். ஐரோப்பிய மாளிகைகளின் திரைகளில் பளபளத்தது அந்த மெருகு. டாக்கா மஸ்லினைப் பற்றி 1851-இல் வெளிவந்த ஜேம்ஸ் டெய்லரின் நூல், அரிசிக் கஞ்சி தெளித்து வழவழப்பான சங்கால் துணியை அடிப்பதற்கென்றே தனித் தொழிலாளர் இருந்ததைச் சொல்கிறது. நெய்தவனுக்கும் உடுத்தியவனுக்கும் நடுவே அடித்தவன் ஒருவன் இருந்தான். துணியின் பெயரோடு நெய்தவனின் ஊர் ஒட்டிக்கொண்டது. அடித்தவனின் எதுவும் ஒட்டவில்லை.

நம் வேஷ்டியும் புடவையும் வெட்டுப்படாத துணிகள். அவற்றில் மடிப்பு ஒரு குற்றமல்ல. அங்கவஸ்திரத்தின் விசிறி மடிப்பைப்போல அது அலங்காரமாகவும் இருக்கலாம். தைத்த சட்டையும் காலரும் பரவிய பிறகுதான் சுருக்கம் என்பது ஆளின் ஒழுங்கீனமாகத் தெரிய ஆரம்பித்தது என்று நினைக்கிறேன். பெட்டியைத் தெருவுக்குத் தெரு கொண்டுவந்ததில் ஆபீசுக்குப் போகிறவனின் சட்டைக்குப் பங்கு அதிகம்.

பாஸ்டன் அருங்காட்சியகத்தில் 12-ஆம் நூற்றாண்டுச் சீன ஓவியச் சுருள் ஒன்று இருக்கிறது. ஹுய்சோங் சக்ரவர்த்தியின் பெயரில் வழங்குவது. ஒரு முனையில் பெண்கள் உலக்கை கொண்டு பட்டைக் குத்துகிறார்கள். மறுமுனையில் இருவர் பட்டை இரண்டு பக்கமும் இழுத்துப் பிடிக்க, ஒருத்தி கனல் நிரப்பிய சட்டி ஒன்றை அதன்மேல் ஓட்டுகிறாள். கீழே ஒரு சிறுமி விளையாடுகிறாள். அடித்தலிலிருந்து சூட்டுக்கு மாறிய தொழில் முழுவதும் அந்த ஒரு சுருளுக்குள் இருக்கிறது. அங்கேயும் சட்டி ஓட்டுகிறவள் ஒருத்தி, இழுக்கிறவர்கள் இருவர்.

பிறகு வந்ததெல்லாம் நெருப்பைப் பற்றியும் பிடியைப் பற்றியுமான திருத்தங்கள். அமெரிக்காவில் மேரி பாட்ஸ், கை சுடாமலிருக்கக் கழற்றி மாட்டும் பிடியுள்ள பெட்டிக்கு 1871-இல் காப்புரிமை வாங்கினார். 1882-இல் நியூயார்க்கின் ஹென்றி சீலி மின்சாரப் பெட்டிக்கு வாங்கினார். கரி போயிற்று, புகை போயிற்று. நின்றுகொண்டே தேய்க்கிற கால்கள் அப்படியே இருந்தன.

இதுவரை சொன்னது நெய்த துணியின் சரித்திரம். திருப்பூரின் துணி வேறு. பாவும் ஊடையும் ஒன்றையொன்று பூட்டிக்கொண்டு நிற்கிற துணியல்ல பனியன் துணி. ஒரே நூல் கண்ணி கண்ணியாகக் கோத்துக்கொண்டு, வட்ட மிஷினிலிருந்து குழாயாக இறங்குகிறது. ஒவ்வொரு கண்ணியும் இழுத்தால் இழுபடும், விட்டால் சுருங்கும். சாயப் பட்டறையிலும் உலர்த்துகிற இடத்திலும் அது நீளவாக்கில் இழுபட்டு அகலத்தில் ஒடுங்கும். ஆவி காலண்டரும் காம்பாக்டிங்கும் அதைச் சரிக்கட்டத்தான். கடைசியில் வருவது பெட்டி. நெய்த சட்டையில் பெட்டியின் வேலை சுருக்கத்தை எடுப்பது. பின்னலாடையில் அதற்கு இன்னொரு வேலையும் உண்டு: அளவைத் தீர்மானிப்பது. ஆவி பட்டதும் பருத்தி தளர்கிறது. அப்போது எப்படி இழுத்து ஆற வைக்கிறோமோ அப்படியே நிற்கும், மறுபடி தண்ணீரைக் காணும் வரை. அதனால்தான் தேர்ந்தவர்கள் பனியன் துணியின்மேல் பெட்டியைத் தேய்ப்பதில்லை. வைத்து எடுக்கிறார்கள்.

1920, 30-களில் வெள்ளை பனியனோடு தொடங்கிய ஊர் இது. 1970-களின் பிற்பகுதியில் வெளிநாட்டுக்கு நேராக அனுப்ப ஆரம்பித்தது. 1984-இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. அந்தப் பேச்சு ஓயாத நாட்களில், 80-களின் கடைசியில், நான் ஓர் ஏற்றுமதிக் கம்பெனியின் செக்கிங் பகுதியில் சேர்ந்தேன். கையில் டேப், மேஜையில் நோட்டு, டிராயரில் எழுதி முடிக்காத கவிதைகள்.

அயர்னிங் பகுதியில் ஒரு பெரியவர் இருந்தார். முன்பு தெருவில் தள்ளுவண்டி வைத்துத் தேய்த்தவர். கம்பெனியில் மேலேயிருந்து குழாய் தொங்குகிற ஆவிப் பெட்டி. பீஸ் கணக்கில் கூலி. ஒரு நாள், ஏற்றுமதிக்கு வைத்த டி-சட்டைகளில் மார்பகலம் முக்கால் அங்குலம் குறைவு என்று நான் எழுதினேன். மறுநாள் காலை, வாங்குகிறவர்கள் தரப்பில் பார்வையிட ஆள் வரவேண்டும். மேலேயிருந்து உத்தரவு வந்தது: அயர்னிங்கில் சரிபண்ணிக்கொள்ளுங்கள். சரியான அளவுக்கு வெட்டிய அட்டை வந்தது. பெரியவர் ஒவ்வொரு சட்டைக்குள்ளும் அட்டையை நுழைத்து, ஆவி விட்டு, இரு பக்கமும் இழுத்து, பெட்டியை வைத்து எடுத்தார். இரவு முழுக்க. நிற்குமா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்காமலே அவர் சொன்னார்: "இழுத்தா வருங் கண்ணு. நிக்குமான்னு மட்டும் கேட்காத."

காலையில் டேப் வைத்துப் பார்த்தேன். அளவு சரியாக இருந்தது. சரி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நான் பொய் எழுதவில்லை. அந்த நேரத்தில் அந்தச் சட்டையின் அகலம் அதுதான். இத்தனை வருஷத்தில் எனக்கு நானே சொல்லிக்கொண்ட சமாதானங்களில் கெட்டியானது இதுதான். இதுவும் இழுத்துப் பிடித்து ஆறவைத்ததுதான்.

இதை இலக்கியத்துக்கு உவமையாக்க இந்தப் பத்திரிகை வாசகர்களுக்குக் கை பரபரக்கும். எனக்கும்தான். வேண்டாம். அந்த இரவில் வீங்கியது ஒரு மனிதரின் கால்.

அடுத்த வருஷம் அவர் வேலையை விட்டுவிட்டார். கால் நிற்கவில்லை என்றார். வண்டியில் வைத்திருந்த பழைய பெட்டியைப் பித்தளை விலைக்குப் போடப் போகிறேன் என்றார். அதே எடை விலையைக் கொடுத்து நான் வாங்கிக்கொண்டேன். அதிகம் கொடுக்கத் தோன்றவில்லை. அதுதான் இப்போது என் அறையில் இருப்பது.

கருவிகளின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் உலோகத்தை, எடையை, காப்புரிமை வருஷத்தைக் குறிக்கிறார்கள். மேலே நானும் அதைத்தான் செய்திருக்கிறேன். பெட்டியால் யார், யாருக்காக, எதை இழுத்தார்கள் என்பது அந்தக் கணக்கில் ஏறுவதில்லை. நெய்த துணியில் சுருக்கத்தை எடுத்ததும் அதைக் கண்டவர்கள் யாருமில்லை. பின்னலாடையில் அளவை நீட்டியதும் அப்படியே. நல்ல இஸ்திரி என்று நாம் சொல்வது, கை பட்ட அடையாளம் எதுவும் தெரியாத துணியைத்தான்.

அந்தச் சட்டைகள் ஊர் போய்ச் சேர்ந்து, விற்று, முதல் தடவை தண்ணீரில் நனைந்திருக்கும். காயும்போது முக்கால் அங்குலம் உள்ளே போயிருக்கும். நான் முதலில் எழுதிய அளவுக்கு.