வீணை மாதிரியா சார்?

ஓய்வு பெற்று பன்னிரண்டு வருடம் ஆகிறது. வகுப்பறையில் நான் சொன்ன ஒரு தவறான பதில் மட்டும் இன்னும் என்னை விடவில்லை.

எட்டாம் வகுப்பு வரலாறு. பண்டைய கிரேக்கம் நடத்திக்கொண்டிருந்தேன். அப்பல்லோ தெய்வத்தின் கையில் லைர் இருக்கும் படத்தைக் காட்டி, "இது அவர்களுடைய யாழ்" என்றேன். கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன், "சத்தம் எப்படி இருக்கும் சார், வீணை மாதிரியா?" என்று கேட்டான். "ஆமாடா, அதே மாதிரிதான்" என்றேன். மணி அடித்துவிட்டது.

பிறகு பொறுமையாகப் படித்தபோதுதான் தெரிந்தது, நான் சொன்ன இரண்டுமே தவறு என்று.

முதலில் யாழ். நம் பழைய யாழ் வில்லிலிருந்து வந்தது. வளைந்த தண்டுக்கும் பத்தருக்கும் நடுவே நரம்புகள் சாய்வாக நிற்கும். லைர் அப்படியல்ல. ஆமை ஓட்டின் வாயில் தோலை இழுத்துக் கட்டி, இரண்டு கைகளை மேலே நிறுத்தி, அவற்றின் குறுக்கே ஒரு கட்டை பூட்டுவார்கள். அந்தக் கட்டையிலிருந்து ஆட்டுக் குடலில் திரித்த நரம்புகள், பெரும்பாலும் ஏழு, தோலின் மேலாக ஓட்டின் அடிவரை ஓடும். பிரடை கிடையாது. குறுக்குக் கட்டையில் தோல் பட்டையோடு சேர்த்து நரம்பைச் சுற்றி, அதை முறுக்கித்தான் சுருதி சேர்ப்பது. குழந்தையான ஹெர்மிஸ் ஓர் ஆமையைப் பிடித்து இதைச் செய்தான், அண்ணன் அப்பல்லோவின் மாடுகளைத் திருடியதற்கு ஈடாக இதைக் கொடுத்துச் சமாதானம் ஆனான் என்பது அவர்கள் புராணம்.

அடுத்தது வீணை. வீணையில் ஒரே தந்தியை மெட்டுகளில் அழுத்திப் பல சுரங்கள் எடுக்கிறோம், இழுத்தால் கமகம். லைரில் விரல் வைத்து அழுத்த தண்டே கிடையாது. ஒரு நரம்புக்கு ஒரு சுரம், அவ்வளவுதான். பானை ஓவியங்களில் வலக்கை ஒரு சிறு துண்டால் மீட்டுகிறது. இடக்கை விரல்கள் நரம்புகளுக்குப் பின்னால் விரிந்திருக்கின்றன. வேண்டாத நரம்புகளைத் தொட்டு அடக்குவதற்கு என்கிறார்கள். சத்தம் சிறியது, சீக்கிரம் அடங்கிவிடும். பாடுகிறவர் குரலை அமுக்காது. பெரிய சபைகளுக்கு கித்தாரா என்ற மரப்பெட்டி வாத்தியம் இருந்தது. கிடார் என்ற பெயர் அதிலிருந்து வந்ததுதான்.

லைர் வீட்டு வாத்தியம். ஏதென்ஸில் வசதியான வீட்டுப் பையன்கள் எழுத்தோடு இதையும் படித்தார்கள். கி.மு. 480-ல் சலாமிஸ் கடற்போரில் பாரசீகரை வென்ற தெமிஸ்டாக்ளிஸ்கூட லைர் வாசிக்கத் தெரியாதவர் என்று கேலிக்கு ஆளானதாக புளூட்டார்க் எழுதுகிறார்.

அந்தச் சத்தம் இனி கிடைக்குமா? நரம்பும் தோலும் மண்ணில் நிற்காது. ஆனால் இன்றைய துருக்கியில் உள்ள அய்தின் அருகே 1883-ல் அறியவந்த ஒரு கல்தூணில், செய்கிலோஸ் என்பவர் ஒரு குட்டிப் பாட்டைச் சுரக்குறிப்போடு வெட்டிவைத்திருந்தார். முழுதாகக் கிடைத்த பாட்டுகளில் சுரக்குறிப்புள்ள மிகப் பழையது அதுதான். ஒரு காலத்தில் அந்தக் கல்லின் அடியை அறுத்துப் பூந்தொட்டி வைக்கப் பயன்படுத்தினார்களாம்! இப்போது கோபன்ஹேகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வாசிக்கும் முறைக்கும் ஒரு சாட்சி உண்டு. எத்தியோப்பியாவின் கிரார், லைரின் குடும்பத்தைச் சேர்ந்தது. அதை இன்றும் வலக்கையால் மீட்டி இடக்கையால் அடக்கி வாசிக்கிறார்கள்.

என் பேத்தி கைபேசியில் கிரார் போட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக் கேட்டேன். சின்னச் சின்னதாய், துண்டு துண்டாய், வறட்டுச் சத்தம். வீணை எங்கே, இது எங்கே!

அந்தப் பையனுக்கு இப்போது ஐம்பது வயதாவது இருக்கும். தம்பி, எங்கேயாவது இதைப் படித்தால், நான் அன்று சொன்ன பதிலை அடித்துவிடு. "தெரியாதுப்பா, பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். கொஞ்சம் தாமதமாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறேன்.