வாவி நீரும் வரலாறும்

மட்டக்களப்பு வாவியைப் பற்றி எழுதப் புகுந்தோர் பெரும்பாலும் பாடும் மீனிலே தொடங்கிப் பாடும் மீனிலேயே முடித்துவிடுவர். குடியேற்றச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற் 1848ஆம் ஆண்டில் நிலவொளியில் தோணியேறி அவ்வொலியைக் கேட்டார். 1859இல் வெளிவந்த தமது நூலில் அதனை எழுதியும் வைத்தார். அதே நீரில் வீச்சுவலையோடு இராப்பொழுதைக் கழித்தவன் என்ன கேட்டான் என்பதை எவரும் எழுதி வைக்கவில்லை. நாம் இங்கே பேச எடுத்துக்கொண்டது மீனின் பாட்டையன்று, மீன் வாழும் நீரை.

சுமார் 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் இவ்வாவிக்குக் கிழக்கே கடலோரமாக எழுவான்கரை. மேற்கே வயலும் குளமும் நிறைந்த படுவான்கரை. மேட்டு நிலத்து ஆறுகளும் வயல்களின் வடிநீரும் வாவியில் விழுகின்றன. வடக்கே நகரத்தை அடுத்த முகத்துவாரமும் தெற்கே கல்லாறும் அதனைக் கடலோடு சேர்க்கும் வாய்கள். கோடையில் அலை கொணரும் மணல் வாயை அடைத்துவிடும்; மாரி வெள்ளம் வந்தால்தான் அது திறக்கும், அல்லது மனிதர் வெட்டித் திறப்பர். ஆகவே மேற்கே வயலில் இடப்படும் உரத்துக்கும் கிழக்கே வலையில் விழும் இறாலுக்கும் இடையே நீராலான ஒரு சங்கிலி உண்டு. இந்தச் சங்கிலியை ஆட்சியாளர் ஒருபோதும் முழுமையாகக் கண்டதில்லை என்பதே நமது குற்றச்சாட்டு.

தேசாதிபதி ஹென்றி வார்ட் 1856ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தால் பழைய நீர்ப்பாசன வழக்காறுகளுக்குச் சட்ட வலு அளித்தார். இறக்காமம், அம்பாறைக் குளங்களும் அவர் காலத்தில் திருத்தப்பட்டன. நற்பணிதான். ஆனால் தானிய வரி 1892 வரை ஒழிக்கப்படவில்லை என்பதையும் சேர்த்துப் படித்தால், குளத்து நீர் எந்தக் கணக்கேட்டிற் பதியப்பட்டது என்பது விளங்கும். வயலுக்குள் வரும் நீருக்குச் சட்டம் இருந்தது. வயலை விட்டுப் போகும் நீருக்கு இல்லை. 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டமும் அவ்வாறே. குடியேற்றத்தின் இனக்கணக்கு 1956இல் இரத்தத்தில் முடிந்தது. நீர்க்கணக்கோ அமைதியாக நடந்தது: இடதுகரை வயல்களின் வடிநீரில் ஒரு பகுதி வாவியின் தென்பாகத்துக்கு வந்து சேர்ந்தது. பின்னர் புதிய நெல்லினங்கள் வந்தன. அவற்றோடு இரசாயன உரமும் பூச்சிகொல்லியும் அந்த வடிநீரில் கலந்தன.

இதன் விளைவைக் கண்ணாற் காண விரும்புவோர் ஆற்றுவாழையைப் பார்க்கலாம். 1905ஆம் ஆண்டளவில் அழகுச் செடியாக இலங்கைக்குக் கொணரப்பட்டது இது. நான்கே ஆண்டுகளில், 1909இல், இதனை அழிக்கவென்றே ஒரு கட்டளைச் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. மாளிகைத் தடாகத்தில் இன்பம் ஒருவருக்கு, சேற்றில் இறங்கிப் பிடுங்கும் வேலை இன்னொருவருக்கு! உரச்சத்தும் நகரக் கழிவும் இதற்கு உணவு. உப்பு இதற்கு நஞ்சு. மாரியில் நன்னீர் மிகும்போது தழைத்து நீரை மூடும். கடல்நீர் ஏறியதும் மாண்டு அழுகும். அழுகும்போது நீரிலுள்ள உயிர்வளி குறைகிறது. மீன் மூச்சுத் திணறுகிறது.

எனவே வாயைத் திறந்து கடல்நீரை விட்டால் போதுமே என்று கேட்கத் தோன்றும். கேள்வி எளிது. மாரியில் வயல் மூழ்கும்போது படுவான்கரை உழவன் முகத்துவாரத்தை உடனே வெட்டச் சொல்கிறான். காலத்துக்கு முந்தி வெட்டினால் இறாலும் மீனும் வெள்ளத்தோடு கடலுக்குப் போய்விடும் என்கிறான் மீனவன். இருவரும் உழைப்பாளிகள், இருவர் சொல்வதும் உண்மை. பழைய கச்சேரியிலும் இன்றைய மாவட்டச் செயலகத்திலும் இது வெள்ள அபாயமாக மட்டுமே பேசப்படுகிறது. நீரின் தூய்மை அங்கே வழக்காடுவதில்லை.

போர் இன்னொரு காயத்தைத் தந்தது. கரையோரக் கண்டற் காடுகள் பாதுகாப்பின் பெயரால் வெட்டப்பட்டன. மண்ணையும் அழுக்கையும் வடித்து நிறுத்திய வேர்கள் போயின. 2004 டிசம்பர் 26இன் ஆழிப்பேரலை எழுவான்கரைக் கிணறுகளை உப்பாக்கியது. துப்புரவு செய்ய வந்தோர் ஆர்வத்தில் அளவுமீறி இறைத்தபோது, மணலின் அடியிலிருந்த உப்புநீரே மேலெழுந்தது. இறுதியிற் கிணற்றைக் கழுவியது மழை.

போருக்குப் பின்னர் உன்னிச்சைக் குளத்து நீரை வவுணதீவிற் சுத்திகரித்து நகருக்குக் குழாயில் கொணர்ந்தனர். வரவேற்கத்தக்கதே. ஆயினும் குளத்தைச் சூழ்ந்த சிற்றூர்கள் தமக்குக் குடிநீரில்லை என்று நெடுங்காலம் முறையிட்டு வந்தன. நகரிலோ குழாய்நீர் பெருகப் பெருகக் கழிவுநீரும் பெருகுகிறது. மலக்குழிகள் மணலுக்குள் கசிகின்றன. மணலோ வாவிக்குள் கசிகிறது. மேற்கிலிருந்து தூய்மையாக எடுத்த நீரை நகரம் வாவிக்கு அழுக்காகத் திருப்பிக் கொடுக்கிறது.

வாவியைத் திருத்துவது என்றால் இக்கணக்கு முழுவதையும் திருத்துவதாகும். 2021இல் இரசாயன உர இறக்குமதியை அரசு ஒரே ஆணையால் தடைசெய்தது. அவ்வாண்டு முடியுமுன்பே பின்வாங்கியது. விளைச்சல் வீழ்ந்ததன் சுமை உழவனின் தலையிலேயே விழுந்தது. நஞ்சைக் குறைக்க வேண்டியது அவசியந்தான். ஆனால் உழவனைக் கேளாமல், அவனுக்கு மாற்றும் கொடாமல் இட்ட ஆணை எப்படி நிற்கும்? 1980ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடற் சட்டமும் 1996ஆம் ஆண்டின் கடற்றொழிற் சட்டமும் ஏட்டில் இருக்கின்றன. ஆற்றுவாழையை அகற்றுவதோ இன்றும் பெரும்பாலும் மீனவரின் சிரமதானம்: காலையில் தோணியில் போய்ப் பிடுங்கிக் கரையிற் குவிக்கிறார்கள், அடுத்த மாரியில் அது மேற்கிலிருந்து மீண்டும் மிதந்து வருகிறது.