மவுண்ட் ரோடு: நின்றவர்களும் விழுந்தவர்களும்

சென்னைக் கோட்டையிலிருந்து பரங்கிமலைக்குப் போகிறவர்களை சைதாப்பேட்டையில் அடையாறு மறித்தது. 1726-இல் அங்கே பாலம் கட்டியவர் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான், அதுவும் சொந்தக் காசில். மலைமேல் இருக்கும் தோமையார் கோயிலுக்கான படிகளும் அவர் உபயம்தான். ஆக, மவுண்ட் ரோடு என்ற சென்னையின் தலையாய சாலைக்கு வழி திறந்தவர் கவர்னர் அல்ல, பக்திமானான ஒரு வியாபாரி. மர்மலாங் பாலம் என்று பெயர் பெற்ற அது போய் 1960களில் மறைமலை அடிகள் பாலம் வந்தது. உஸ்கானின் கல்வெட்டு மட்டும் ஓரமாகத் தப்பித்துக் கிடக்கிறது.

கோட்டைக்கும் மலைக்கும் இடையே பட்டாளம் நடந்த இந்த வழியில் துரைமார்களின் கடைகள் முளைத்தன. புத்தகத்துக்கு ஹிக்கின்பாதம்ஸ், கடிகாரத்துக்கு பி. ஓர் அண்ட் சன்ஸ், மிச்ச எல்லாவற்றுக்கும் ஸ்பென்சர்.

ஆனால் என்னைக் கேட்டால், இந்தச் சாலையின் கதையைக் கடைகளைவிடச் சிலைகள்தான் ஒழுங்காகச் சொல்லும். தீவுத்திடல் பக்கம் தாமஸ் மன்றோ 1839 முதல் குதிரைமேல் இருக்கிறார். சேணமும் கிடையாது, அங்கவடியும் கிடையாது. கால்கள் சும்மா தொங்குகின்றன. விவசாயியிடமே நேராக வரி வாங்கும் ரயத்துவாரி முறையைக் கொண்டுவந்தவர் என்று ஜனங்களிடம் அவருக்குக் கொஞ்சம் நல்ல பெயர் உண்டு. அவரை யாரும் இறக்கவில்லை. ஸ்பென்சர் எதிரே நின்ற ஜேம்ஸ் நீல் கதை வேறு. 1857 எழுச்சியை அலகாபாத்திலும் கான்பூரிலும் ரத்தத்தில் முக்கி அடக்கிய சென்னைப் படைத் தளபதி அவர். 1927-இல் தொண்டர்கள் அந்தச் சிலையை எதிர்த்து சத்தியாக்கிரகம் செய்து சிறை போனார்கள். பத்து வருஷம் கழித்து ராஜாஜி மந்திரிசபை அதை எடுத்தது. இப்போது எழும்பூர் மியூசியத்தில் இருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பின் நம்மவர்கள் முறை. கருணாநிதிக்கு 1975-இல் வைத்த சிலையை, 1987-இல் எம்.ஜி.ஆர். இறந்த சமயம் ஒரு கும்பல் கடப்பாரையால் உடைத்தது. 2022-இல் அதே சாலையில் ஓமந்தூரார் தோட்டத்தில் அவர் மறுபடி எழுந்தார்.

இடையில் 1959-இல் எல்.ஐ.சி. கட்டடம் வந்தது. பதினாலு மாடி, அன்றைக்கு நாட்டிலேயே உயரம். ஊரிலிருந்து வருகிறவர்கள் அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் படத்துக்குப் போவார்கள். 1964-இல் திறந்த சபையர் வளாகத்தில் மூன்று தியேட்டர்கள். அதில் புளூ டயமண்டில் காட்சி நேரம் என்பதே கிடையாது. படம் தொடர்ந்து ஓடும். பாதியில் நுழைந்து, விட்ட பாதியை அடுத்த ஓட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம். மத்தியான வெயிலுக்கு ஏ.சி.யில் தூங்கப் போனவர்களும் உண்டு! சபையர், ஆனந்த், சாந்தி எல்லாம் போய்விட்டன. தேவி தியேட்டர் இன்னும் படம் ஓட்டுகிறது. பட அதிபர் வாசனின் ஜெமினி ஸ்டுடியோ இருந்த இடத்தில் ஓட்டல் நிற்கிறது. ஆனால் 1973-இல் கட்டிய அண்ணா மேம்பாலத்தை ஊர் இன்றும் ஜெமினி பாலம் என்றுதான் சொல்கிறது.

பிறகு மெட்ரோ ரயில் வந்து தரைக்கு அடியில் குடைந்தது. 2017 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாலை திடீரென உள்வாங்கி, ஒரு மாநகரப் பேருந்தும் பக்கத்தில் ஒரு காரும் குழிக்குள் இறங்கின. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2024-இல் தேனாம்பேட்டையிலிருந்து சைதாப்பேட்டை வரை உயர்மட்டச் சாலை வேலை தொடங்கியது. கீழே சுரங்கம் இருப்பதால் பாரம் குறைய வேண்டுமென்று அதற்கு இரும்பைத் தேர்ந்தெடுத்தார்கள்.